விறகடுக்குக்குள் ராணி: ஒலிபெருக்கி ஆரோக்கியசாமி நினைவாக

முசிறியில் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர் அவ்வூர் ஒலிபெருக்கிக்காரர் காதர். ஒலிவாங்கியின் தண்டை என் வாய்க்கு நேராக உயர்த்திக்கொண்டிருந்தவர், திருகைப் பாதியில் நிறுத்தி என் காதருகே குனிந்தார். "ஐயா, நம்ம பாலக்கரை ஆரோக்கியசாமி அண்ணன் மத்தியானம் மவுத்தாயிட்டாராம். நெஞ்சு வலியாம். இப்பத்தான் திருச்சி பஸ்ஸுல வந்த ஆளு சொன்னாரு." சொல்லிவிட்டுத் திருகை இறுக்கினார். கீழே மக்கள் காத்திருந்தனர். நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது நினைவில்லை. அரை மணி நேரத்தில் முடித்துக்கொண்டு திருச்சிராப்பள்ளிப் பேருந்தில் ஏறினேன். என்னை அழைத்திருந்தவர்களுக்கு என்மீது மனக்குறை. அவர்களுக்கு நான் அன்று சொல்லாத விடையே இக்கட்டுரை.

அவரை அறிந்த பெருமக்களே! திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் கூட்டம் கேட்டவர் எவரும் ஆரோக்கியசாமியை அறியாதிருக்க முடியாது. ஆயினும் மேடையில் அவருக்கு நாற்காலி இருந்ததில்லை. மேடைக்குப் பக்கத்தில், கோணிப்பையை விரித்து, பெருக்கிப் பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். மற்றவர்கள் ஒலிவாங்கியைச் சோதிக்க ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். அவர் எண்ணமாட்டார். "கடைசி வரிசை, கேக்குதா?" என்று ஒரே ஒரு முறை கேட்பார். கடைசியில் நிற்பவர் கையை உயர்த்தும்வரை காத்திருப்பார். அந்தக் கை உயராமல் எந்தத் தலைவரையும் அவர் பேசவிட்டதில்லை.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. உறையூரில் என் பேச்சின் நடுவே ஒலிபெருக்கிக் குழாய்கள் கூவென்று ஊளையிட்டன. நான் இறங்கிவந்து அவரைக் கடிந்துகொண்டேன். அவர் எழுந்து நின்று, பணிவாக, ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, கத்தறதுக்கு நீங்க எதுக்குங்க? அதுக்குத்தான் நான் இருக்கேன். நீங்க பேசுங்க, போதும்." சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்குவதற்கு ஓர் உயிர் போகவேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆவணித் திங்களில் ஒருநாள், திருவரங்கத்தில் என் வீட்டுக்கு அவர் வந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் செந்நிற நாட்டு நாய் ஒன்று, வயிறு தரையைத் தொடுமளவு தாழ, இரைக்க இரைக்க நின்றது. பாலக்கரையில் அவருடைய குழாய்களையும் கம்பிச் சுருள்களையும் காவல் காக்கும் ராணி அது.

"ஐயா, ஒரு ஒத்தாசை. ராணியைக் கொஞ்ச நாளைக்கு உங்க வீட்ல வச்சுக்கணும்."

"என் வீட்டிலா?" என்றேன்.

"ஆமாங்க. எங்க தெரு மாதா கோயில்ல திருவிழா வருது. ஒம்போது நாளும் வேட்டுப் போடுவாங்க. போன வருசம் அந்தத் திருவிழாவுலதான் குட்டி போட்டுச்சு. வேட்டுச் சத்தத்துல மிரண்டு, மூணு குட்டியையும் அதுவே வாயில கவ்வி நசுக்கிப்புடுச்சு. காலையில பார்த்தா ஒண்ணும் மிஞ்சல. அப்புறம் ஒரு மாசம் அந்த இடத்தையே மோந்து மோந்து சுத்திச்சுங்க. சோறு திங்கல. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா இது பொழைக்காது. எங்க லூர்துவும் தாங்கமாட்டா."

லூர்து அவருடைய மனைவி. மக்கட்பேறு இல்லாத வீடு அது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஊரில் எத்தனையோ வீடுகள் இருக்க, என்னிடம் ஏன்?"

"உங்க வீடுதாங்க அமைதியான வீடு. நீங்க வீட்ல இருக்கிறதே இல்லையே!"

அடுக்களையில் இருந்த என் மனைவி பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே இசைவு கிடைத்துவிட்டது. ராணி என்பது வடசொல்லாயிற்றே, அரசி என்று அழைக்கலாகாதா என்று நான் கேட்டேன். "கூப்பிட்டுப் பாருங்க ஐயா, வந்தா நல்லதுதான்" என்றார். கூப்பிட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புறப்படுமுன் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அடுக்களையை அடுத்த இருண்ட சிற்றறையைத் தேர்ந்தார். பழைய பருத்தித் துணியும் கோணியும் கேட்டு வாங்கித் தம் கையால் படுக்கை விரித்தார். பிறகு பூங்கோதையிடம் சொன்னார்: "இடத்தை மாத்தாதீங்கம்மா. வெளியாளு யாரும் எட்டிப் பார்க்க வேணாம். சத்தம் மட்டும் ஆகவே ஆகாது. என்னிக்கு இது சோத்தை மோந்துட்டுத் தள்ளிப் போகுதோ, அன்னிக்கே எனக்குச் சொல்லி அனுப்புங்க. அன்னிக்குத்தான் குட்டி போடும். எந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தாலும் எந்திரிச்சு வந்துருவேன்." வாயிலில் நின்று என்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

எட்டு நாள்கள் குறைவின்றிக் கழிந்தன. நான் சொற்பொழிவுகளுக்காக அலைந்துகொண்டிருந்தேன். ராணியைப் பார்த்துக்கொண்டவள் பூங்கோதை. ஒன்பதாம் நாள் நான் வீட்டில் இருந்தேன். மறுநாள் திருச்சிராப்பள்ளியில் மொழியுரிமை மாநாடு. நிறைவுரை என்னுடையது. என் வாழ்வில் அதுவரை நான் நின்ற மேடைகளுள் பெரியது அதுவே.

காலையில் பூங்கோதை வந்து நின்றாள். "ஏங்க, ராணி சோறு திங்கல. மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கோணியை வேற பிராண்டுது. ஆரோக்கியசாமி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பணும்."

"இன்று அவருக்குத் திருவிழாவின் முதன்மை நாள். வரமுடியாமல் தவிப்பார். மாலையில் பார்ப்போம்" என்றேன்.

"சாயங்காலம் வரைக்கும் அது காத்திருக்கணுமே?"

"நேற்றைய சோறாக இருக்கும். அதனால் பிடிக்கவில்லை போலும்."

நேற்றைய சோறு அன்று. பூங்கோதை புதிதாக வடித்த சோறு. எனக்கு அது தெரியும். பாலக்கரைக்குப் போய்வந்தால் முற்பகல் கழிந்துவிடும்; என் பயிற்சி கெட்டுவிடும். அதுதான் உண்மை.

அவள் நெடுநேரம் ராணியின் அருகிலேயே அமர்ந்திருந்தாள். நாய் ஓசையின்றிப் படுத்திருந்தது. வெயில் ஏறியதும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போனாள். "கால் மணியில வந்துடறேன். நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டே போனாள்.

எழுதுவதோடு நான் நிற்கவில்லை. கூடத்தில் நிலைக்கண்ணாடியின் முன் எழுந்து நின்றேன். தொடக்கத்தில் மெல்லத்தான் பழகினேன். ஆனால் சொற்கள் தம்மைத்தாமே இழுத்துச் செல்லும் இயல்புடையவை. கை உயர்ந்தது. குரல் ஏறியது. எந்தத் தொடருக்கு மக்கள் கைதட்டுவார்கள் என்று நான் கணக்கிட்டிருந்தேனோ, அந்தத் தொடர் வந்தது. முழங்கினேன். உள்ளங்கையால் மேசையை ஓங்கி அடித்தேன். மேசைமீதிருந்த மைக்கூடு துள்ளி விழுந்தது.

அடுக்களைப் பக்கம் ஏதோ சரசரத்தது. ஏனம் உருண்டிருக்கும் என்று எண்ணினேன். அடி சரியாக விழவில்லை என்றும் எண்ணினேன். அதே தொடரை இன்னும் உரக்கச் சொல்லி, இன்னொரு முறை அடித்தேன்.

அப்போதுதான் அந்த ஓலம் கேட்டது.

ஓடினேன். சிற்றறையில் கோணி நனைந்திருந்தது. ராணி இல்லை. ஈரமும் குருதியுமாக ஒரு தடம் அடுக்களையைக் கடந்து கொல்லைப்புறம் சென்றது. கொல்லைக் கதவின் நிலைப்படி மீது, சவ்வுப்பை பாதி கிழிந்து தொங்க, என் கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு குட்டி கிடந்தது. குடத்தோடு வந்த பூங்கோதை அதைப் பார்த்துக் குடத்தை அப்படியே இறக்கினாள். முந்தானையால் குட்டியைத் துடைத்தாள், தேய்த்தாள், வாயைத் திறந்து ஊதினாள். அதன் கழுத்தில் பல் பதிந்திருந்தது. போன ஆண்டு எது நடந்ததோ அதுவே என் வீட்டில் நடந்திருந்தது.

கொல்லையில் தாழ்வாரத்தின் கீழ், சுவரோரமாக ஓர் ஆண்டுக்கான விறகு அடுக்கியிருந்தோம். அதன் இடைவெளியில் புகுந்து ராணி ஒளிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் இரு கண்கள் மட்டும் தெரிந்தன. உடல் முழுதும் நடுங்கி நடுங்கி முக்கியது. குட்டி வரவில்லை. பூங்கோதை கையை நீட்டினாள், எட்டவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க குரல் ஊரையே எழுப்பும்னு சொல்வாங்களே. வந்து பாருங்க, எதை எழுப்பியிருக்குன்னு."

நான் குட்டியைக் கையில் எடுத்தேன். வேட்டியின் ஓரத்தில் குருதி பட்டது.

"போங்க. இப்பவாச்சும் போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. உள்ளே இன்னும் எத்தனை இருக்கோ. இப்படியே முக்கிக்கிட்டிருந்தா தாயும் போயிரும்."

பாலக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை. தெரு முழுதும் தோரணம். வேட்டுப் புகை. ஆரோக்கியசாமி வழக்கம்போல் கோணியில் அமர்ந்திருந்தார். என் முகத்தைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ராணியா?"

தலையசைத்தேன்.

அவர் தம் தொழிலில் ஒரு நெறி வைத்திருந்தார். கூட்டம் கலையும்வரை ஒலிபெருக்கிக்காரன் பெட்டியைவிட்டு எழக்கூடாது. ஒரு முறை கொட்டும் மழையில், தம் சட்டையைக் கழற்றிப் பெட்டியின்மேல் போர்த்தி, வெற்றுடம்போடு அமர்ந்திருந்தவர் அவர். அந்த மனிதர் அன்று மனைவியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்காரவைத்தார்.

"லூர்து, இந்தத் திருகை மட்டும் பார்த்துக்க. ஃபாதர் பேச வந்தா இந்தக் கோடு வரைக்கும் ஏத்து. பாட்டுன்னா இறக்கு."

"நான் பாத்துக்கறேன், நீங்க ஓடுங்க. ஃபாதர் கேட்டா என்ன சொல்ல?"

"பிரசவம்னு சொல்லு."

"யாருக்குன்னு கேட்டா?"

"ராணிக்குன்னு சொல்லு. எந்த ஊரு ராணின்னு அவர் கேக்கமாட்டாரு."

லூர்து சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. கழுத்துச் செபமாலையைப் பற்றிக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் இருவரும் அருகருகே அமர்ந்தோம். நடத்துநர் என்னை அறிந்தவர். சீட்டைக் கிழித்துக்கொண்டே, "ஐயா, நாளைக்கு மாநாட்டுல இடி இடிக்கணும். நான் லீவு போட்டிருக்கேன்" என்றார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாலத்தின் கீழே காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நடத்துநர் நகர்ந்ததும் ஆரோக்கியசாமி கேட்டார்: "ஒண்ணு போயிருச்சுன்னீங்களே. எப்படிங்க? அமைதியான எடமாச்சே. எதைக் கண்டு மிரண்டுச்சு?"

மெய்யே பேசுக என்று ஊர்தோறும் முழங்கியவன் நான். என் வாயிலிருந்து வந்த விடை இது: "பூனை ஏதேனும் வந்திருக்கும்."

"கொல்லைப் பக்கமா?"

"ஆம். கொல்லைப் பக்கமாகத்தான்."

அவர் அதை நம்பினார். நம்பியதோடு, அதற்கேற்ப என்ன செய்வது என்றும் அங்கேயே முடிவு செய்தார். "அப்ப கொல்லையிலதான் அதுக்குப் பயம். எப்படியாச்சும் வீட்டுக்குள்ள கூட்டியாந்துரணும்."

பொய்க்கு எடையுண்டு, பெருமக்களே. அதை அடுத்த அரை மணியில் கண்ணால் கண்டேன்.

அவர் விறகடுக்கின் முன் வயிறு மண்ணில் படக் குப்புறப் படுத்தார். "ராணி, ராணிம்மா, வாடா தங்கம்" என்று மூச்சோடு மூச்சாக அழைத்தார். உள்ளே வால் விறகில் தட்டும் ஓசை கேட்டது. நெடுநேரம் அழைத்தார். முதலில் மூக்குத் தெரிந்தது. பிறகு தலை. பிறகு, கால்கள் தள்ளாட, அது வெளியே வந்துவிட்டது. பின்புறத்தில் ஒரு சிறு கால், நீலம் பாய்ந்து, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தலைகீழாகத் திரும்பிய குட்டி அது. ஆரோக்கியசாமி பின்னோக்கித் தவழ்ந்து, அழைத்தபடியே, அதை வீட்டை நோக்கிக் கூட்டிவந்தார். அடுக்களைக் கதவுக்கு ஏழெட்டு அடிதான் இருந்தது. கதவில் நான் நின்றேன். உதவ வேண்டும் என்ற துடிப்பில், "வா, ராணி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். இருப்பினும் அது என் குரல்.

ராணி துள்ளித் திரும்பியது. விறகின்மேல் மோதி, முன்னிருந்த இடத்தையும் கடந்து, சுவர் மூலையின் அடியாழத்தில் போய் ஒடுங்கியது. இப்போது கண்கள்கூடத் தெரியவில்லை. உறுமல் மட்டும் கேட்டது.

ஆரோக்கியசாமி மண்ணிலிருந்து தலையைத் தூக்கினார். முதலில் பூங்கோதையைப் பார்த்தார். "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"பூனையா ஐயா?"

"ஆரோக்கியசாமி, மாந்தன் தன் வாழ்வில் சில வேளைகளில்..." என்று தொடங்கினேன்.

"ஐயா, மீட்டிங் வேணாம். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. நேரம் போய்க்கிட்டிருக்கு."

"பூனை வரவில்லை. நான்தான். நாளைய பேச்சை உரக்கப் பழகினேன். மேசையை அடித்தேன். முதல் குட்டி பிறந்தது எனக்குத் தெரியாது."

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"இரண்டு தடவை."

அவர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது சினம் இல்லை. அதைவிடத் தாங்கமுடியாத ஒன்று இருந்தது. "இதை பஸ்ஸுலயே சொல்லியிருந்தா, நான் இதை வீட்டுப் பக்கம் கூப்பிட்டே இருக்கமாட்டேனே. வந்த எடத்துலயே படுக்கப் போட்டிருப்பேனே. கைக்கு வந்துச்சே ஐயா."

"நான் வெளியே போய்விடுகிறேன்" என்றேன்.

"எங்க போறது? வெறகை எடுக்க எனக்கு ஒரு ஆளு வேணும். இங்கேயே உக்காருங்க. இனிமே இது குட்டி போட்டு முடிக்கிற வரைக்கும் உங்க வாயிலேர்ந்து ஒரு எழுத்து வரக்கூடாது. இருமல் வந்தா தெருவுக்குப் போய் இருமுங்க."

அந்நேரம் அடுத்த வீட்டு வானொலியில் கச்சேரி ஒன்று உச்சத்தில் ஏறியது. அங்கே இருந்தவர் இராகவாச்சாரியார். கோயில் தொண்டுக் குடும்பத்தவர். என் மேடைப் பேச்சுகளால் புண்பட்டு மூன்று ஆண்டுகளாக என்னோடு பேசாதவர். ஆரோக்கியசாமி அந்தத் திசையில் கையைக் காட்டினார். நான் தெரு வழியாக ஓடி, அவர் வாயிலில் நின்று, கைகூப்பி, மூச்சுக் குரலில் வேண்டினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன காணும், நீரா? நீர் வந்து என்னை மெதுவா இருக்கச் சொல்றீரா? பெருமாளே!" பிறகு என் வேட்டியில் இருந்த குருதியைக் கண்டார். "என்ன ஆச்சு?" சொன்னேன். மறுசொல் இல்லாமல் வானொலியை அணைத்தார். "போம், போம். வாசல்ல நானே நிக்கறேன். காய்கறிக்காரன் கூவிண்டு வராம பார்த்துக்கறேன்" என்றார்.

அதன்பின் நடந்தது என் வாழ்நாளிலேயே நீண்ட ஒரு மணி நேரம். ஆரோக்கியசாமி சுவர்ப் பக்கமாகச் சென்று, அடுக்கின் கோடியிலிருந்து விறகுகளை ஒவ்வொன்றாக உருவினார். உருவும் கட்டையை இரு கைகளாலும் தாங்கி என்னிடம் நீட்டுவார். நான் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி, ஓசையெழாமல் மண்ணில் கிடத்துவேன். ஒரு கட்டை நழுவினால் மேலடுக்கு முழுதும் ராணியின்மேல் சரியும். அது இருவருக்கும் தெரியும். அதனால் ஒன்றை எடுக்குமுன் அதன்மேல் இருப்பவற்றைத் தோளால் தாங்கிக்கொள்வார். சிம்புகள் குத்தி அவர் முழங்கையில் குருதி கசிந்தது. உள்ளே முக்கலும் தேய்ந்துகொண்டே வந்தது. அது ஓயும்போதெல்லாம் எங்கள் கைகளும் ஓயும். மீண்டும் கேட்டதும் தொடர்வோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இறுதியில் ஒரு கை நுழையும் வழி கிடைத்தது. ராணிக்கு உறுமவும் வலிமை இல்லை. பூங்கோதை தேங்காயெண்ணெயும் வெந்நீரில் பிழிந்த துணியும் கொண்டுவந்தாள். அவர் எண்ணெயைத் தடவி, துணியால் அந்தச் சிறு காலைப் பற்றி, இன்னொரு காலையும் தேடிச் சேர்த்துக்கொண்டார். இழுக்கவில்லை. ராணி முக்கும்வரை காத்திருந்தார். முக்கியபோது மட்டும் கீழ்நோக்கி மெல்ல இழுத்தார். நின்றபோது நிறுத்தினார். நான்காம் முறையில் குட்டி வழுக்கி வந்து விழுந்தது. அசைவில்லை.

சவ்வைக் கிழித்தார். சுண்டுவிரலை வாய்க்குள் விட்டு வழித்தார். தலை தாழ இருக்கும்படி உள்ளங்கைகளில் ஏந்தி, துணியால் முதுகைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதும் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். அவர் முடிவு கட்டவில்லை. திரும்பத் திரும்பத் துடைத்தார், தேய்த்தார், ஊதினார். அப்போது அந்த உடல் ஒரு முறை வெட்டியது. ஊசி முனை அளவில் ஓர் ஒலி, 'கீ' என்று.

மகிழ்ச்சியில் என்னை மறந்து வாயைத் திறந்தேன். ஓசை பிறக்குமுன் ஆரோக்கியசாமியின் கை என் வாயை இறுகப் பொத்தியது. எண்ணெயும் குருதியும் பனிக்குடநீரும் கலந்த அந்தக் கை நெடுநேரம் அங்கேயே இருந்தது. மற்றொரு கையால் குட்டியை ராணியின் முகத்தருகே வைத்தார். மூவரும் மூச்சைப் பிடித்தோம். ராணி அதை முகர்ந்தாள். வாயைத் திறந்தாள். பற்கள் தெரிந்தன. பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டாள். ராணி நாவை நீட்டிக் குட்டியை நக்கத் தொடங்கினாள்.

கதிரவன் சாய்வதற்குள் இன்னும் இரண்டு, தாமாகவே பிறந்தன. மூன்றும் பிழைத்தன. அவற்றின் பால்குடி ஓசை கேட்ட பிறகுதான் அவர் என் வாய்க்கட்டை அவிழ்த்தார். "இப்பப் பேசலாம் ஐயா" என்றார். இறந்த குட்டியைக் கேட்டு வாங்கி, முருங்கையின் அடியில் அவரே புதைத்தார். கைகால் கழுவிக்கொண்டு திருவிழாவுக்குத் திரும்பினார்.

ராணியை இடம் மாற்றவில்லை. விறகையே சுவராக்கி, மேலே கீற்று வேய்ந்து, அங்கேயே இருபது நாள்கள் வைத்திருந்தோம். பூங்கோதை போனால் வாலாட்டும்; நான் போனால் பல்லைக் காட்டும். நாள்தோறும் கஞ்சியை நானே கொண்டுபோய், வாய் திறவாமல் வைத்துவிட்டு வந்தேன். அப்படிச் செய்யச் சொன்னவர் ஆரோக்கியசாமி. "அது உங்களை மன்னிக்கணும்னு இல்ல ஐயா. உங்களைக் கண்டு மிரளாம இருந்தா போதும். இல்லேன்னா மிச்சத்தையும் கவ்விரும்." குட்டிகள் கண் திறந்த பிறகும் அந்த உறுமல் ஓயவில்லை. அவற்றை அழைத்துப்போக அவர் வண்டியோடு வந்த அன்றுதான், நான் அருகில் நிற்க, அது தலை நிமிராமல் கஞ்சியைக் குடித்தது. மூன்று குட்டிகளையும் குழாய்க் கூம்பு ஒன்றுக்குள் வைக்கோல் பரப்பி வைத்து, பாலக்கரைக்கு ஓட்டிச் சென்றார்.

குட்டிகள் பிறந்த மறுநாள் மாநாட்டில் நான் பேசியதைக் கேட்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். அந்தத் தொடர் வந்தபோது என் கை உயர்ந்தது; மேசையில் இறங்கவில்லை. அன்றுமுதல் எந்த மேடையிலும் நான் மேசையை அடித்ததில்லை. முதுமை என்றார்கள் சிலர். ஆட்சியாளருக்கு அஞ்சிவிட்டான் என்று எழுதினார்கள் சிலர். என் தோழர்களே ஒருநாள் மேடைக்குப் பின்னால் ஆரோக்கியசாமியைச் சூழ்ந்துகொண்டு, "என்னாச்சு ஐயாவுக்கு? அந்த அடி இல்லாம பேச்சே சப்புன்னு இருக்கே" என்று கேட்டதை நான் திரைக்கு இப்பால் நின்று கேட்டேன். அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மேசையைத் தட்டினா மைக்குல இடிக்குதுங்க. நான்தான் வேண்டாம்னேன். ஏன், என்னைத் திட்டுங்களேன்."

திட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் திட்டினார்கள். பெரியவர் பேச்சைக் கெடுத்த மைக் செட்காரன் என்று முகத்துக்கு நேராகவே ஏளனம் செய்தார்கள். அவர் கோணியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நானும் அவர்களைத் திருத்தவில்லை.

அடக்கம் முடிந்த மாலை, லூர்து அம்மையார் என்னிடம் சொன்னார்: "நீங்க தப்பா நெனைக்கக்கூடாது ஐயா. மேசை விசயத்துல இந்த மனுசன் உங்களை ரொம்பத்தான் அதட்டிப்புட்டாரு. நான்கூட எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன், பெரியவங்களை அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுன்னு." அவருக்கும் தெரியாது. தம் மனைவியிடமும் அவர் சொல்லவில்லை. அந்த வீட்டின் நடுவில் நின்று, விறகடுக்கின் கதை முழுவதையும், மேசையில் விழுந்த இரண்டு அடிகளோடும் பேருந்தில் சொன்ன பூனையோடும், நான் அம்மையாரிடம் சொன்னேன். அவர் இறுதிவரை கேட்டார். பிறகு, "அந்த முதல் குட்டி, ஆணா பொண்ணா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்க்கத் தோன்றாதவனாக இருந்திருக்கிறேன்.

ஆரோக்கியசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை இரண்டு. என் வாயைப் பொத்திய அந்தக் கையின் மணம் ஒன்று. என் பழியைத் தம் பழியாகச் சுமந்து அவர் சொன்ன அந்தப் பொய் மற்றொன்று. முதலாவதை எவருக்கும் தரமுடியாது. அது என்னோடு போகும். இரண்டாவதை இன்று உங்கள்முன் திருப்பி வைக்கிறேன். என் பேச்சைக் கெடுத்தவர் அவரல்லர். அவரை ஏளனம் செய்தவர்களுள் ஒருவரேனும் இதைப் படித்துவிட்டுப் பாலக்கரைக்குப் போய், அந்த அம்மையாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வரவேண்டும். மெதுவாகச் சொன்னால் போதும்.